தரைக்கு ஒரு சாண்

கட்டிலின் நான்கு கால்களுக்கும் கீழே இரண்டிரண்டு செங்கல் கொடுத்து உயர்த்தியிருந்தார்கள். அதன் விளிம்பில் உட்கார்ந்தால் நாகம்மாளின் முட்டி இடுப்புக்குக் கீழேதான் இருக்கும். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நடை பழக்கிவிட்ட ஜாபிர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வலது இடுப்பில் பழைய மூட்டை எடுத்துப் புதிது வைத்து அன்றைக்கு முப்பத்தொரு நாள். ஐஸ் கம்பெனி வாசலில் மீன் கூடையோடு வழுக்கி விழுந்ததுதான் காரணம் என்றாலும், எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர் அந்த எலும்பு எப்போதோ தேய்ந்துவிட்டது என்றார். என்ன வேலை என்று கேட்டார். மீன் விற்கிறது என்று மகன் வீரமணி சொன்னான். விடியலில் கரையில் குந்தி உட்கார்ந்து ஏலம் எடுப்பது, பத்து மணிக்குத் திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் குந்தி உட்கார்ந்து அரிவாள்மனையில் மீன் நறுக்குவது, சாயங்காலம் வீட்டில் குந்தி உட்கார்ந்து மிச்சத்துக்கு உப்பு வைப்பது. இதையெல்லாம் அவன் சொல்லவில்லை. டாக்டரும் மேலே கேட்கவில்லை.

மருமகள் ஆர்த்தி காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தாள். குனியக் கூடாது. தரையில் உட்காரக் கூடாது. காலைக் குறுக்கே போடக் கூடாது. பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. படுத்தால் இரண்டு காலுக்கும் நடுவே தலையணை. நாகம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஐந்து வரி என்பது தெரியும். விழித்திருக்கும் நேரமெல்லாம் அந்த ஐந்து வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜாபிர் இடது கையை நிமிர்த்தி, வலது கையை அதன் அடியில் படுக்க வைத்துக் காட்டியிருந்தார். "அம்மா, இது ஒங்க உடம்பு, இது தொட. சுவரும் தரையும் மாதிரி. இதுக்கு மேல மடங்கப்படாது. மடங்குனா மூட்டுப் பந்து கிண்ணத்தவிட்டு வெளிய வந்துரும்."

"வந்தா?"

"திரும்ப இங்கதான் வரணும். ஒரு தடவ கழண்டா மறுபடி மறுபடி கழள வாய்ப்பு இருக்கு. அப்பறம் நீங்க நடப்பீங்கன்னு நான் உறுதி சொல்ல முடியாதும்மா."

"எத்தினி நாளைக்கு இப்புடி?"

"மூணு மாசம் ரொம்ப கவனமா இருங்க."

"மூணு மாசம் கழிச்சுக் குந்தலாமா?"

ஜாபிர் கொஞ்ச நேரம் வாக்கரின் திருகாணியைச் சரி பார்த்தார். பிறகு, "குந்துறத மறந்துருங்கம்மா," என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வேதாரண்யத்துக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் வயலில் தண்ணீர். நட்ட பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. கையைப் பிடித்தால் ஏதாவது சொல்லிவிடுவாள் என்று ஆர்த்தி நாகம்மாளின் புடவைத் தலைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கார்த்திகை மழை விட்டபாடில்லை. நான்கு நாளாக எந்தப் படகும் இறங்கவில்லை. உப்பளங்கள் எல்லாம் ஒரே தண்ணீர்க்காடாகக் கிடந்தன. வாசல் கொட்டகையில் வீரமணி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். ஆர்த்தி நின்றபடி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அடுப்பை மேடையில் ஏற்றி இரண்டு வருஷமாகிறது. அப்போது நாகம்மாள் சிரித்தாள், "நெல்லு ஊருக்காரிக்குக் குனிய வலிக்குதோ?" என்று. இப்போது அந்த மேடையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடை பழகுகிறாள்.

பதினொரு மணி வாக்கில் வாசலில் யாரோ நின்றார்கள். குடை இல்லை. தலையில் உரச்சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டிருந்தார். நாகம்மாளின் நாத்தனார் தங்கமணியின் புருஷன் இளையபெருமாள். எட்டு வருஷமாக இந்த வாசலுக்கு வராதவர்.

வீரமணி எழுந்துவிட்டான். "வாங்க மாமா. உள்ள வாங்க."

"உள்ள வர நேரமில்லப்பா." சாக்கிலிருந்து தண்ணீர் அவர் மூக்கில் சொட்டியது. உள்ளே பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, ஒங்க அண்ணிய எறக்கியாச்சு."

நாகம்மாள் கட்டில் சட்டத்தைப் பிடித்தாள். "எப்ப?"

"நேத்துப் பொழுது சாய. இன்னும் மூச்சு இருக்கு. எல்லாரும் பால் ஊத்திட்டாங்க. எதுவும் எறங்கல. கடவாயில வழியிது." அவர் நிறுத்தினார். "சனம் என்னென்னமோ பேசுது. நான் கூப்பிட வரல. தகவல் சொல்ல வந்தேன்."

சொல்லிவிட்டு மழைக்குள் போனார்.

அந்தக் கரையில் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டால் ஆளைக் கட்டிலில் வைத்திருக்க மாட்டார்கள். கட்டிலில் உயிர் போனால் அது கட்டிலையே சுற்றிக்கொண்டு நிற்கும் என்பார்கள். பாயை விரித்துத் தரையில் இறக்கிவிடுவார்கள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்து சங்கில் பால் எடுத்து வாயில் ஊற்றுவார்கள். அப்படி இறக்கிய உடம்பைத் திரும்பக் கட்டிலில் ஏற்றும் வழக்கம் கிடையாது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் தூக்குவார்கள்.

ஜனம் பேசியது என்ன என்று நாகம்மாளுக்குத் தெரியும். நாகம்மாளின் புருஷன் கலியபெருமாளுக்குத் தங்கமணி அக்கா. தங்கமணியின் மகள் வேதநாயகியை வீரமணிக்கு எடுப்பது என்பது கலியபெருமாள் உயிரோடு இருந்தபோதே வெற்றிலை மாற்றிச் சொன்ன பேச்சு. கலியபெருமாள் போய் மூன்றாம் வருஷம், மீன் வேன் ஓட்டப் போன வீரமணி தலைஞாயிறு அரிசி ஆலையில் வேலை பார்க்கிறவர் மகள் ஆர்த்தியைத்தான் கட்டுவேன் என்று நின்றான். நாகம்மாள் நான்கு நாள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். ஐந்தாம் நாள் மகன் பக்கம் போய்விட்டாள். அன்றைக்கு ஏலக்கரையில், அத்தனை பேர் முன்னால், தங்கமணி கத்தவில்லை. கையிலிருந்த மீனைக் கூடையில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "நாகு, நான் சாகறப்ப நீ பால் ஊத்துனாலும் என் தொண்டையில எறங்காது. பாத்துக்க."

கரையில் அதை மறந்தவர்கள் யாருமில்லை.

"நான் போவணும்," என்றாள் நாகம்மாள்.

ஆர்த்தி கரண்டியை வைத்தாள். "போவலாம் அத்தை. ஆனா அவங்க தரையில இருக்காங்க."

"தெரியும்."

"நீங்க குனிய முடியாது."

"அதும் தெரியும்டி. முப்பது நாளா நீ வேற என்ன சொன்ன?"

ஆர்த்திக்கு முகம் சிறுத்துவிட்டது. தடுத்தால் அன்றைக்குப் போல இன்றைக்கும் அவளால்தான் என்று ஆகும். தடுக்காவிட்டால் அந்த இடுப்பு என்ன ஆகும் என்று இந்த வீட்டில் சரியாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் பக்கத்தில் இருந்தவள். அடுப்பை அணைத்தாள். தலையணையை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு தெருதான். ஆனால் மணல் தெரு. நனைந்த மணலில் வாக்கரின் கால்கள் ஒரு விரற்கடை இறங்கின. ஒவ்வொரு அடிக்கும் பிடுங்கி எடுக்கவேண்டியிருந்தது. மூன்றாவது அடியில் நாகம்மாளின் உதடு வெளுத்துவிட்டது. வீரமணி கொட்டகைக்கு ஓடிப் படகுக்குப் போட வைத்திருந்த இரண்டு பலகைகளை எடுத்து வந்தான். ஒன்றைப் போட்டு, அதில் அவள் நடக்க, முன்னால் இன்னொன்றைப் போட்டு, பின்னால் விட்டதை எடுத்துக்கொண்டு ஓடி முன்னால் போட்டு. ஆர்த்தி குடை பிடித்துக்கொண்டு அவள் பாதத்தையே பார்த்து வந்தாள்.

"காலு உள்ள திரும்புது அத்தை. வெளிய வைங்க."

"வைக்கிறேன்."

எதிரில் வந்த ஐஸ் கம்பெனி அப்துல் ஹமீது ஓரமாக ஒதுங்கி நின்றார். "என்னம்மா, மழையில?" என்று கேட்க வாயெடுத்தவர், போகிற திசையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டு வாசல்வரை அவரும் வீரமணியும் பலகை மாற்றினார்கள். நாற்பது நிமிஷம் ஆயிற்று.

கூடத்தில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஈரத் துணி வாசனையும் பால் காய்ந்த வாசனையும் கலந்து அடித்தது. நடுவே பாயில் தங்கமணி கிடந்தாள். தடித்த உடம்பாக இருந்தவள், இப்போது பாய்க்கும் போர்வைக்கும் நடுவே இருப்பதே தெரியவில்லை. வாய் திறந்திருந்தது. மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வந்தது. தலைமாட்டில் வேதநாயகி. கோடியக்கரையில் வாழ்க்கைப்பட்டு, குடிகாரப் புருஷனைவிட்டு இரண்டு குழந்தைகளோடு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டவள். நாகம்மாளைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

ஆர்த்தி மூலையிலிருந்த நாற்காலியை இழுத்துத் தலையணையைப் போட்டாள். "உக்காருங்க அத்தை."

சுவரோரமாக இருந்த ஒருத்தி சொன்னாள், "ஆமா, சேரு போடுங்க. மேடையில உக்காந்துக்கிட்டுப் பால் ஊத்தட்டும்."

"ஆபரேசன் பண்ணின காலு சின்னம்மா. கீழ உக்காரப்படாது."

"கடலு நண்டுக்குத் தெரியாத சங்கதியெல்லாம் வயலு நண்டு சொல்லுது." யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

நாகம்மாள் நாற்காலியைத் தள்ளினாள். வாக்கரைப் பிடித்தபடி பாயின் ஓரத்தில் நின்றாள். கீழே தங்கமணியின் முகம். இவ்வளவு உயரத்திலிருந்து அவள் யாரையும் பார்த்ததில்லை. கரையிலும் கடைத்தெருவிலும் வீட்டிலும் எல்லா முகமும் அவளுக்கு எதிரே, தரைக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. இருவரும் ஒரே கூடைக்கு இரண்டு பக்கமாகக் குந்திக்கொண்டு முப்பது வருஷம் இறால் உரித்திருக்கிறார்கள்.

ஆர்த்தி இளையபெருமாளிடம் போனாள். அவர் நிலைக்கதவில் சாய்ந்து நின்றிருந்தார்.

"பெரியப்பா, ஒரு நிமிசம் கட்டில்ல தூக்கி வச்சா எங்க அத்தையால ஊத்த முடியும். ஊத்துனதும் எறக்கிடலாம்."

அவர் அவளைப் பார்த்தார். கோபமில்லை. "எறக்குன ஒடம்பும்மா. ஏத்தச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்ல. ஏத்துனா ஒருவேள பொழச்சுக்குவாளோன்னு எனக்கும் நேத்து ராவுல தோணுச்சு. தோணுறதெல்லாம் செஞ்சுட முடியுமா?"

பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

ஆர்த்தி திரும்பி வந்து பாயோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். "அத்தை, நீங்க என் கையில ஊத்துங்க. நான் வாயில விடுறேன்."

வேதநாயகி அவளையே பார்த்தாள். இந்த இரண்டு பெண்களும் ஒரே ஆளைத்தான் அத்தை என்று கூப்பிடுகிறவர்கள். வேதநாயகி சங்கில் பால் எடுத்து நின்றிருந்த நாகம்மாளிடம் நீட்டினாள். நாகம்மாள் வாங்கி ஆர்த்தியின் குவிந்த உள்ளங்கையில் ஊற்றினாள். பாதி தரையில் விழுந்தது. ஆர்த்தி கையைத் தங்கமணியின் வாயருகே கொண்டுபோனாள்.

அத்தனை நேரம் திறந்திருந்த வாய் மூடிக்கொண்டது.

சாகிற உடம்பு எதற்காக வாய் மூடும், எதற்காகத் திறக்கும் என்று யாருக்குத் தெரியும்? மூச்சு ஒரு தடவை மாறியிருக்கும். ஆனால் கூடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். பால் மோவாயில் வழிந்து காதுக்குப் பின்னால் போயிற்று.

"கை மாறி வந்தா எறங்குமா?" என்றது சுவரோரக் குரல். "அதும் எந்தக் கை."

ஆர்த்தி கையைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நாகம்மாள் அவளைப் பார்த்தாள். எட்டு வருஷமாக இந்தப் பெண்ணுக்காகக் கேட்ட பேச்சையெல்லாம் அவள் இந்தப் பெண்ணிடமே திருப்பித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். ஆர்த்தி ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

"சங்க நெறச்சுக் குடு வேதா," என்றாள்.

"அத்தை, வேணாம்," ஆர்த்தி எழுந்தாள்.

"ஜாபிரு சொல்லிக் குடுத்தாருல்ல, கீழ கெடக்குறத எடுக்கறதுக்கு. அப்புடித்தான் செய்யறேன். நீ நகந்துக்க."

ஜாபிர் சொல்லிக்கொடுத்தது உண்மைதான். ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த காலை நேராகப் பின்னால் நீட்டி, மற்ற காலை மடக்கிக் கையை இறக்கவேண்டும். மேசையிலிருந்து, ஸ்டூலிலிருந்து எடுப்பதற்கு. தரைக்கு இல்லை. நாகம்மாள் இடது கையால் வாக்கரைப் பிடித்தாள். வலது காலைப் பின்னால் நீட்டினாள். பாதம் வெளியே பார்க்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். சங்கோடு கையை இறக்கினாள். இறங்கியது. இன்னும் இறங்கியது. தங்கமணியின் வாய் திரும்பத் திறந்திருந்தது. சங்குக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்.

"அங்கேர்ந்தே ஊத்துங்கத்தை," என்றாள் ஆர்த்தி. "போதும், அங்கேர்ந்தே."

எட்ட நின்று ஊற்றுவதா? தொட்டியில் தண்ணீர் விடுகிற மாதிரியா?

நாகம்மாள் வாக்கரை விட்டாள்.

பின்னால் நீட்டியிருந்த கால் தானாக முன்னால் வந்தது. நாற்பது வருஷம் அந்த உடம்பு தரைக்குப் போன வழி அது ஒன்றுதான். முட்டி மடங்கிற்று, உடம்பு தொடைமேல் கவிந்தது, பாதம் உள்ளே திரும்பிற்று. நண்டுக்காலை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். அது கூடத்திலிருந்த எல்லோருக்கும் கேட்டது. அவள் கத்தவில்லை. பக்கவாட்டில் சரிந்து, பாயை ஒட்டித் தரையில் விழுந்தாள். சங்கு உருண்டு போயிற்று.

இளையபெருமாளும் வீரமணியும் ஒரே சமயத்தில் ஓடி வந்தார்கள்.

"தூக்காதீங்க!" ஆர்த்தி இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். "யாரும் தூக்கக் கூடாது. அப்படியே கெடக்கட்டும். நூத்தியெட்டுக்கு அடிங்க."

அவளிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அந்தத் தெருவுக்குத் தெரியாது. வீரமணி நின்றான். இளையபெருமாள் நின்றார். வலது கால் இடது காலைவிட ஒரு விரல் குட்டையாகி, உள்பக்கம் திரும்பிக் கிடந்தது. ஆர்த்தி அதைத் தொடாமல் நாற்காலியிலிருந்த தலையணையை எடுத்து, இரண்டு முட்டிக்கும் நடுவே மெல்லச் செருகினாள். அத்தனை கவனம் இனிமேல் எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. செருகிவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

வண்டி வர முக்கால் மணி ஆகும் என்றார்கள். பாலத்தடியில் ரோட்டின்மேல் தண்ணீர் போகிறதாம். பெண்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். யாருக்காக அழுவது என்று தெரியாமல் யாரும் அழவில்லை. ஓட்டிலிருந்து தாழ்வாரத்தில் மழை ஒழுகும் சத்தம் மட்டும் இருந்தது.

நாகம்மாள் கண்ணைத் திறந்தபோது எதிரே தங்கமணியின் முகம் இருந்தது. நேர் எதிரே. கன்னத்தில் பால் காய்ந்த கோடு. அவள் மூச்சு இவள் நெற்றியில் பட்டது. இடுப்புக்குக் கீழே எல்லாம் நெருப்பாக எரிந்தது. ஆனாலும் வலது கை அசைந்தது.

"வேதா," என்றாள். "சங்கு."

வேதநாயகி தேடி எடுத்துப் புடவையில் துடைத்துப் பால் நிறைத்துக் கொடுத்தாள். கொடுத்த கையை எடுக்கவில்லை. நாகம்மாளின் முழங்கையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டாள்.

இப்போது கை எட்டியது.

"அண்ணி," என்றாள் நாகம்மாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. சங்கின் மூக்கை உதட்டோரத்தில் வைத்து மெதுவாகச் சாய்த்தாள். பால் நாக்கில் தேங்கி நின்றது. வழியப்போகிறது என்று வேதநாயகி புடவைத் தலைப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். தங்கமணியின் தொண்டையில் ஏதோ ஒன்று மேலே ஏறி, நின்று, இறங்கியது.

"எறங்கிருச்சு," என்றாள் வேதநாயகி.

நாகம்மாள் இன்னொரு சங்கு கேட்கவில்லை. கையைத் தங்கமணியின் கன்னத்தில் வைத்துக்கொண்டு கிடந்தாள். இருவரும் அப்படியே வெகுநேரம் கிடந்தார்கள். சுவரோரமாக இருந்தவள் மெல்ல எழுந்து வந்து, நாகம்மாளின் விலகிய புடவையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

வண்டிச் சத்தம் கேட்டது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் வந்தார்கள். வாசலிலேயே நின்று, தரையில் கிடக்கும் இருவரையும் பார்த்தார்கள்.

"யாருங்க பேஷண்ட்டு?"

ஆர்த்தி கை காட்டினாள். அடியில் பலகை கொடுத்துத் தூக்கியபோது நாகம்மாள் முதன்முறையாகக் கத்தினாள். அந்தச் சத்தம் தெருமுனைவரை போயிற்று. பாயில் கிடந்தவளின் மூச்சு அதே இடைவெளியில் வந்துகொண்டிருந்தது.

வண்டிக் கதவைச் சாத்தும் சமயத்தில்தான் வீரமணிக்கு ஞாபகம் வந்தது. "வாக்கரு உள்ளயே இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்."

மாமியாரின் முட்டிக்கு நடுவே இருந்த தலையணையை அழுத்திப் பிடித்தபடி ஆர்த்தி தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"இருக்கட்டும்."